பின்வரிசை

தார்ப்பாய் இரவெல்லாம் பனியில் கிடந்ததால் இரண்டு மடங்கு கனத்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, லாரியின் பக்க ஏணியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, சிமெண்டு மூட்டைகளின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் போடுவதற்குள் ஓட்டுநர் நோட்டுக்கு மூச்சு இரைத்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. யார்டின் விளக்குக் கம்பத்தடியில் நாலைந்து வண்டிகளில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. விரித்தான். நான்கு மூலையையும் இழுத்துவிட்டான். மூட்டைத் தூள் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் பசையாக ஒட்டியது. கீழே இறங்கி, கயிற்றின் ஒரு நுனியைக் கொக்கியில் மாட்டி, சுருளை லோடுக்கு மேலாக மறுபக்கம் வீசினான்.

"பிடி மாப்ள!"

கயிறு மறுபக்கம் தரையில் விழுந்த சத்தம் மட்டும் வந்தது.

யார் பிடிப்பார்கள்? மாப்பிள்ளை, அதாவது அவன் தங்கையின் கணவன், மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எட்டு மாதப் பழக்கம் வாய்க்கு முந்திக்கொண்டுவிட்டது. தார்ப்பாய் கட்டுவது இரண்டு ஆள் வேலை. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். பத்துத் தடவை வீசி, பத்துத் தடவை இழுத்துக் கட்டினால்தான் லோடு அடங்கும். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை; ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கயிறு இறுகும்போதுதான் மறுபக்கம் ஆள் இருப்பது தெரியும்.

நோட்டு அப்படியே நின்றான். கயிறு தொளதொளவென்று கையில் தொங்கியது. சட்டென்று அது விறைத்தது.

"பாத்து வீசமாட்டியா? தலையில விழுந்திருந்தா எனக்கும் உன் மாப்பிள்ளைக்குப் பக்கத்துப் படுக்கைதான்."

அக்காவின் குரல். அந்த யார்டில் லாரி ஓட்டுகிற ஒரே பெண். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"உங்க வண்டியைக் கட்ட வேண்டாமாக்கா?"

"கட்டலாம். முதல்ல இழு. பேசிக்கிட்டே நின்னா கயிறு தானா முடிச்சுப் போட்டுக்காது."

ஒன்பதாவது முடிச்சில் இருந்தபோது புக்கிங்காரர், யார் வண்டிக்கு எந்த லோடு என்று எழுதுகிறவர், சன்னலிலிருந்து கத்தினார். "நோட்டு! எட்டு மணிக்குப் பெரிய முதலாளி கூப்பிடறாரு!"

நோட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும், கடித்து நசுங்கிய பேனாவும் இருப்பதால் வந்தது. டயர் மாற்றிய தேதி, எந்தப் பாலத்துக்கு எவ்வளவு உயரம், எந்தச் சாலையில் எத்தனையாவது மைலில் பள்ளம், எல்லாம் எழுதுவான். எழுதிய பிறகும் சந்தேகம் வந்து இன்னொரு முறை போய்ப் பார்ப்பான். பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் பழைய லாரி ஒன்றைத் தவணையில் வாங்கினான். வண்டி மட்டும் இருந்தால் போதாது. லோடு பிடித்துத் தருகிற கம்பெனி ஒன்றில் அதைச் சேர்க்க வேண்டும். கம்பெனி சரக்குக் கொடுக்கும், கமிஷன் எடுக்கும். டீசலும் டயரும் ரிப்பேரும் ஓட்டுகிறவன் பாடு.

ஏழு கம்பெனிகளுக்குப் போனான். எல்லா இடத்திலும் அதே பதினாலு கேள்விகள். திரும்பி வரும்போது லோடு உண்டா, மாதம் எத்தனை டிரிப், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். முதலாளியிடம் ஒருமுறை கேட்டான். அதையே புக்கிங்கில் கேட்டான். கேட்டில் நின்று, லோடோடு வெளியே வருகிற ஓட்டுநர்களைக் கைகாட்டி நிறுத்தி அவர்களிடமும் கேட்டான். கடைசியில் இந்தக் கம்பெனிதான் முதலிடம் வந்தது.

இரண்டாவது தடவை வந்தபோதுதான் அதைப் பார்த்தான். யார்டின் கோடியில், மதிலைப் பார்த்தபடி ஆறு லாரிகள். ஒன்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நட்டு வரைக்கும் ஏறியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். ஓடுகிற லாரியின் சக்கரத்தில் புல் முளைக்காது. நோட்டைத் திறந்து எழுதினான்: "பின்வரிசை. புல். கேட்கணும்."

கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, "வாங்க முதலாளி, டீ சாப்பிட்டுப் பேசலாம்" என்றார். பதினோரு வருஷத்தில் நோட்டை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. டீயைக் குடித்து முடித்தபோது கேட்க வேண்டியது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது அது மறந்தே போனது.

சேர்ந்து ஒரு மாதத்தில் விடை தானாகத் தெரிந்தது. கொடுக்கிற லோடை வேண்டாம் என்று எவன் சொன்னாலும், காரணம் எதுவானாலும், அவன் வண்டி பத்து நாள் மதிலைப் பார்க்க வேண்டும். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. காய்ச்சலோடு போனார்கள், தூங்காமல் போனார்கள்.

இதற்கு மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளையும் ஒரு லாரி வாங்கினான். அவன் எந்தக் கம்பெனி வாசலுக்கும் போகவில்லை. நோட்டிடம் கேட்டது ஒரே கேள்வி.

"எல்லாத்தையும் விசாரிச்சுட்டியா மச்சான்?"

"விசாரிச்சுட்டேன் மாப்ள. இதுதான் நல்ல கம்பெனி."

நோட்டு வைத்திருக்கிற நானே தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலையாகத்தான் மாப்பிள்ளை இப்போது படுத்துக் கிடக்கிறான் என்று, மூன்று நாளாக முடிச்சுப் போடும்போதும் முகம் கழுவும்போதும் நோட்டுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குப் பெரிய முதலாளியின் அறை ஈரத் துணியால் துடைத்த வாசனையோடு இருந்தது. சன்னலுக்கு நேரே யார்டு. அதன் கோடியில் பின்வரிசை. அதில் புதிதாக ஒரு வண்டி: கேபின் ஒரு பக்கம் நசுங்கி, கண்ணாடி இல்லாமல், கிரேன் இழுத்துவந்து போட்ட மாப்பிள்ளையின் லாரி.

"உக்காருங்க முதலாளி. மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"கால் ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு. இடுப்பை அசைக்கக் கூடாதாம்."

"பாவம். நல்ல கை. வண்டியைத்தான் கவனிச்சுக்கல." அவர் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து."

நோட்டு இரண்டு முறை படித்தான். விபத்து நடந்த அன்று காலை புக்கிங் சன்னலில் தானும் உடன் இருந்ததாகவும், பிரேக் பழுது பற்றித் தன் தங்கை கணவர் எதுவும் சொல்லவில்லை என்றும் அதில் டைப் அடித்திருந்தது.

"சொன்னானே சார்."

"என்ன சொன்னாரு?"

"பிரேக்குல காத்து நிக்கலை, மிதிச்சா பிடிக்கலை, இன்னிக்கு லோடு வேண்டாம்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நின்னீங்க. வேற யாருமே நிக்கலை. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்." குரலில் கோபம் இல்லை. "பாருங்க. அவர் என் ஆள் இல்ல. அவர் ஒரு முதலாளி. நீங்க ஒரு முதலாளி. நானும் ஒரு முதலாளி. அவங்கவங்க வண்டிக்கு அவங்கவங்க பொறுப்பு."

"லோடு எடுக்கலைன்னா பின்வரிசைன்னு புக்கிங்ல சொன்னாங்களே. அது யார் பொறுப்பு?"

"பின்வரிசையா? எந்தப் பேப்பர்ல இருக்கு அது? நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவராச்சே, காட்டுங்க பாப்போம்."

ஒப்பந்தத்தில் பத்தொன்பது ஷரத்துகள். நோட்டுக்கு அத்தனையும் மனப்பாடம். அந்த வார்த்தை எதிலும் இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல வண்டிங்க கிளம்பணும். நாலு மணிக்குள்ள கையெழுத்து வந்துட்டா உங்க வண்டிதான் முன்னால."

"வரலைன்னா?"

பெரிய முதலாளி நாற்காலியைத் திருப்பினார். சன்னலுக்கு வெளியே பார்த்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் கால் உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. தங்கை பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து தண்ணீரை ஸ்பூனால் புகட்டிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வா மச்சான். காலைப் பாத்தியா, தார்ப்பாய் கட்டற மாதிரி கட்டியிருக்கானுங்க. முடிச்சு சரியில்லை. நீ ஒருக்கா இழுத்துப் பாரு."

நோட்டு முதலில் தாளைப் பற்றிச் சொன்னான். பிறகு நிறுத்த முடியாமல் மற்றதையும் சொன்னான். பை நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். "பின்வரிசை. புல். கேட்கணும்." தேதியும் இருந்தது.

"நீ கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் மாப்ள. தெரிஞ்சுதான் நல்ல கம்பெனின்னு சொன்னேன். அன்னிக்குக் காலையிலயும், புக்கிங்காரர் பின்னால தள்ளவான்னு கேட்டப்போ, நீ என் மூஞ்சியைத்தான் பாத்தே. இந்த ஒரு டிரிப் மெதுவா போயிட்டு வா, வந்ததும் ரெண்டு பேரும் சேந்து சரிபண்ணிடலாம்னு நான்தான் சொன்னேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு மெல்லக் கழன்றது. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான்.

"நீ ஊரெல்லாம் போய்ப் பதினாலு கேள்வி கேட்டே. நான் உன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன் மச்சான்."

இடுப்பை அசைக்க முடியாததால் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தங்கை ஸ்பூனைத் தம்ளரில் போட்டாள். "கையெழுத்துப் போடப்போறியா?"

"இல்ல."

"போடலைன்னா வண்டியைப் பின்னால தள்ளுவாங்க. தவணை கட்ட முடியாது. அப்புறம் கடன் குடுத்தவங்க வண்டியையே தூக்கிட்டுப் போவாங்க."

"தெரியும்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

"அப்போ இங்க வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கே? நீ அழுதா நான் உனக்குச் சமாதானம் சொல்லணுமா? எனக்கு ஏற்கெனவே ஒரு ஆளைப் பாத்துக்கற வேலை இருக்கு. போய் ஆக வேண்டியதைப் பாரு."

கதவு வரை போனவனை மாப்பிள்ளையின் குரல் நிறுத்தியது. முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான் இருந்தது.

"இன்னிக்கு மறுபக்கம் கயிறு யார் பிடிச்சது?"

"அக்கா."

"ம்."

யார்டுக்குத் திரும்பியபோது வெயில் உச்சியில் இருந்தது. நோட்டு கேட்டிலிருந்து நேராகப் பின்வரிசைக்கு நடந்தான். ஒரு வருஷத்தில் அந்தப் பக்கம் நடப்பது இதுதான் முதல் தடவை. ஓட்டுநர்கள் யாரும் அங்கே போவதில்லை. போனால் தொற்றிக்கொள்ளும் என்பதுபோல.

பாட்டு இருந்தார். அன்று கண்ட அதே ஆள், அதே வாளி. முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அம்மாவை அடக்கம் செய்யப் போகவேண்டும், இன்று லோடு வேண்டாம் என்று சொன்னதற்காக இந்த முறை எட்டாவது நாள்.

"அண்ணே, உங்களை ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இந்த வண்டிங்க ஏன் இங்க நிக்குது?"

பாட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போன வருஷம் கேக்க வந்த கேள்வி. உன்னை அன்னிக்கே பாத்தேன்டா. நோட்டும் கையுமா நின்னே. இந்தப் பக்கம் வருவேன், வருவேன்னு பாத்தேன்."

"நீங்க கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." அவர் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினார். "வாயைத் திறந்தா இன்னும் பத்து நாள். அதோட, பின்னால நிக்கறது ஒரு வெக்கம் பாரு. தப்புப் பண்ணின பையனைப் பெஞ்சுமேல ஏத்தின மாதிரி. யாராவது கேட்டா வண்டி ரிப்பேர்னு சொல்லிப் பழகிட்டேன். உன் மாப்பிள்ளை சேர வந்தப்போ அவனும் கேட்டான். ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

நோட்டு தரையில் உட்கார்ந்தான். அவனுக்கு நெஞ்சு லேசாகிவிடவில்லை. இன்னொருவர் தப்பு தன் தப்பைக் குறைத்துவிடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. பெரிய முதலாளிக்குப் பேப்பர் தேவைப்படவே இல்லை. இவர்கள் ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதே அவருக்குப் போதுமான ஒப்பந்தமாக இருந்தது.

மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் இருபது பேர் போல நின்றார்கள். லோடு கட்டி முடித்து, கைகால் கழுவ வந்தவர்கள். நோட்டு தொட்டியின் விளிம்பில் ஏறவில்லை. சத்தம் போடவும் அவனுக்கு வராது. தாளில் இருப்பதைச் சொன்னான். பிறகு, மாப்பிள்ளையிடம் சொன்னதை அப்படியே இவர்களிடமும் சொன்னான், தன் பங்கை மறைக்காமல்.

ஒருவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"இதுவரைக்கும் யார் யார் பின்னால நின்னிருக்கீங்க?" என்று அக்கா கேட்டாள். "நான் ரெண்டு தடவை. ஊர்ல டயர் வாங்கப் போயிருக்கேன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். டயரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. தலையைச் சொறிவதுபோல ஒன்று. எண்ணிப் பார்த்தால் பதினாறு.

"அடப்பாவிங்களா," என்றார் பாட்டு. "நான் ஒருத்தன்தான் ராசியில்லாதவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அஞ்சாந்தேதி பேசினார். மாதம் அஞ்சாம் தேதி தவணை கட்ட வேண்டும் என்று எதற்கும் அதையே பதிலாகச் சொல்கிறவர்.

"எல்லாம் சரிப்பா. ஸ்டிரைக்குன்னா லோடு நிக்கும். அஞ்சாந்தேதி நிக்காது."

"உங்களைத் தப்பு சொல்ல மாட்டேண்ணே," என்றான் நோட்டு. "நான் யாரையும் வாங்கன்னு கூப்பிடல. ஒருதடவை கூப்பிட்டு ஒருத்தன் படுத்துக் கிடக்கான். நான் என் வண்டியை நானே கொண்டுபோய் அங்க நிறுத்தப் போறேன். அவர் தள்ளறதுக்கு முன்னாடி."

"லோடோடயா?" என்றாள் அக்கா.

"லோடோடதான்."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது நோட்டின் லாரி முதலாவதாக உறுமியது. வரிசையின் முதல் வண்டி. கையெழுத்து வந்துவிட்டது என்று நினைத்துப் புக்கிங்காரர் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கைகாட்டினார். நோட்டு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். கண்ணாடியில் யாரும் பின்தொடர்வது தெரியவில்லை. பெண்டாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இதையும் ஒரு முறைக்கு இரு முறை யோசித்திருக்கலாமோ என்று பழைய சந்தேகம் தலை நீட்டியது. யோசித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி, நசுங்கிக் கிடந்த மாப்பிள்ளையின் லாரிக்கு ஒரு வண்டி இடம் விட்டு, மதிலைப் பார்க்க நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

எஞ்சின் சத்தம் நிற்கவில்லை. அது அக்காவின் வண்டி. அவள் இடது பக்கம் வந்து நின்றாள். அதற்குப் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. தூசி அடங்கியபோது, லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய லாரிகள் எட்டு, பாட்டின் வெற்று லாரி ஒன்று.

பெரிய முதலாளி யார்டின் முழு நீளத்தையும் நடந்து வந்தார். அவருடைய கறுப்பு ஷூ அங்கே வந்து சேர்வதற்குள் சாம்பல் நிறமாகியிருந்தது.

"என்ன இது? கம்பெனிக்கு எதிரா ஸ்டிரைக்கா?"

"ஸ்டிரைக்கா? வேலைக்காரங்கதானே சார் ஸ்டிரைக் பண்ணுவாங்க," என்றாள் அக்கா. "நாங்க முதலாளிங்க. எங்க வண்டி. எங்க வேணும்னாலும் நிறுத்துவோம்."

"லோடு என்னோடது!"

"பத்திரமா இருக்கு. கயிறு நல்லாக் கட்டியிருக்கோம்."

"நோட்டு, நாளைக்கு உங்க எல்லாரோட ஒப்பந்தத்தையும் கிழிச்சுப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

நோட்டு பையிலிருந்து தாளை எடுத்தான். டைப் அடித்த வரிகளைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே, தன் கையெழுத்தில் வேறு நான்கு வரி எழுதியிருந்தான்: பிரேக்கில் காற்று நிற்கவில்லை என்று அவர் சொன்னார். கம்பெனி கேட்டது. நான் கேட்டேன். போகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கீழே கையெழுத்து.

"நீங்க கேட்ட கையெழுத்து, சார். மருத்துவச் செலவு, உடைஞ்ச வண்டி, அப்புறம் இந்த வரிசை. மூணையும் பேசிட்டா எங்க வண்டி கிளம்பும். இதோட நகல் போக வேண்டிய இடத்துக்குப் போகும்."

அவர் தாளை வாங்கவில்லை. ஒன்பது வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்தபடி திரும்பி நடந்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியவில்லை. வேறு லாரிகளையா, போலீசையா. அரை மணியில் தெரிந்துவிடும். விளக்குக் கம்பத்தடியில் மற்ற வண்டிகள் கேட்டுக்கும் மதிலுக்கும் நடுவே முடிவு செய்யாமல் நின்றிருந்தன. அஞ்சாந்தேதி தன் கேபினில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நோட்டின் போன் அடித்தது. தங்கை.

"யார்டிலேர்ந்து யாரோ போன் பண்ணினாங்களாம். அவர் கேக்கறாரு, பின்வரிசையில எத்தனை வண்டின்னு."

"ஒம்பது."

அவள் பக்கத்தில் சொல்வது கேட்டது. தூரத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல், எரிச்சலாக: "பத்துன்னு சொல்லு. என் வண்டியும் அங்கதானே நிக்குது? எழுதி வைக்கறவனுக்கு எண்ணத் தெரியாதா?"

அது மன்னிப்பு அல்ல. நோட்டு அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. "பத்து," என்றான்.

மதில் அருகே மேற்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு துளி நிழல் இல்லை. எத்தனை நாளோ தெரியாது. பாட்டு தன்னிடமிருந்த பழைய தார்ப்பாயை இழுத்து வந்தார். அதன் ஒரு மூலையை நோட்டின் வண்டியில் கட்டினார்கள். மறுமூலைக்கு மாப்பிள்ளையின் லாரிதான் வசதி. நோட்டு கயிற்றைச் சுருட்டி, நசுங்கிய கேபினுக்கு மேலாக வீசினான்.

இந்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பிடிங்க!" என்றான்.

அக்கா இந்தப் பக்கம் நின்றாள். பாட்டு இந்தப் பக்கம் நின்றார். மற்ற ஆறு பேரும் இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லையே என்று நோட்டு உணர்ந்த அந்த நொடியில், கயிறு கையில் விறைத்து இறுகியது. நன்றாக, முழு பலத்தோடு.

"விட்டுடாதீங்கப்பா," என்றது மறுபக்கம். "அஞ்சாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."